பல்லாவரத்து சீசன் டிக்கெட்

ஆம்பூரில் ஒரு பேச்சு மூன்று வருஷமாகச் சாகாமல் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத் தோலான அப்பரைத் தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிற ஜெயபுஷ்பம், எண்பத்து நாலாம் வருஷக் கடைசியில் மெட்ராசுக்கு நாலே நாள் போனவள், அங்கே எலக்ட்ரிக் ரயிலுக்கு ஒரு மாச சீசன் டிக்கெட் எடுத்தாளாம்.

இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர் ஜெயபுஷ்பத்தைப் பார்த்ததில்லை. அவள் வீடு மாதனூரில். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மாதனூருக்கு ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கி, மீதி ஒன்றரை மைலை நடந்து கடப்பாள். டிக்கெட்டில் பத்து பைசா கம்மி. மழை கொட்டினாலும் இறங்குவது அங்கேதான். அந்த ரூட் கண்டக்டர்கள் அவளைக் கேட்காமலே விசில் கொடுத்துப் பழகிவிட்டார்கள். அப்படிப்பட்டவள் நாலு நாளைக்கு முப்பது நாள் டிக்கெட் வாங்கினாள் என்றால் ஊர் எப்படித் தூங்கும்? இன்றைக்கும் கம்பெனியில் யாராவது விலை ஜாஸ்தியாகப் புடவை எடுத்துவிட்டால், "இன்னாடி, ஜெயபுஷ்பம் சீசனா?" என்றுதான் கேட்கிறார்கள்.

காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்டேஷனில் புரோக்கர் ஏமாற்றிவிட்டான் என்றது தையல் செக்‌ஷன். மெட்ராஸ் கம்பெனியில் வேலை தேடியிருக்கிறாள் என்றது கட்டிங் செக்‌ஷன். மூன்றாவது, இரண்டு செக்‌ஷனும் ஒற்றுமையாகச் சொன்னது: பல்லாவரத்தில் ஆள் இருக்கிறது. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஒருத்தியைப் பற்றி ஊர் முதலில் யோசிப்பதும் கடைசியில் நம்புவதும் அதைத்தான்.

கதை எழுதுகிறவன் நான்; விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி, பக்கத்து மிஷினில் தைக்கும் ஹலீமா பீ.

"பர்ஸ் மிஷினுக்கு அடியில விழுந்துச்சு சார், எடுத்துக் குடுத்தேன். அப்போ டிக்கெட் வெளிய வந்துடுச்சு. பல்லாவரம் டு எழும்பூர். ஒரு மாசம். இருவத்திரண்டு ரூபா!"

"ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேனே. 'தேவப்பட்டுச்சு'ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்த வாங்க முடியாது அவகிட்ட. பேச்சுலயும் கஞ்சம்."

"நீங்கதான் ஊர் பூரா சொன்னீங்களா?"

"அல்லா மேல ஆணையா, நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

ஆம்பூரில் ஒருத்தி போதும்.

மறுநாள் சாயங்காலம் நானும் அந்த பஸ்ஸில் ஏறி மாதனூருக்கு டிக்கெட் எடுத்தேன். ஒரு ஸ்டேஜ் முன்னால் கண்டக்டர் விசில் ஊதினார். ஜெயபுஷ்பம் இறங்கினாள். பின்னாலேயே நானும்.

"நீங்க மாதனூருக்குத்தானே எடுத்தீங்க சார்? இங்க இறங்கிட்டீங்க. பத்து பைசா தண்டம்" என்றாள், நான் யாரென்று கேட்பதற்கு முன்னால்.

யாரென்றும் எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

"எந்தக் கத வேணும்? புரோக்கர் கதையா, ஆள் கதையா?"

"எது நிஜமோ அது."

"அப்போ ஆள் கததான்" என்றாள். "பல்லாவரத்துல ஆள் இருக்கான். அன்னிக்கி எட ஒன்னரக் கிலோ."

அவளுடைய தங்கை பொன்மலர் பல்லாவரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஏசுராஜுக்கு அங்கே ஒரு தோல் ஷெட்டில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த பிள்ளை, ஏழாம் மாசமே வந்துவிட்டது. குழந்தையை எழும்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஏசுராஜ் ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தான். பச்சை உடம்போடு பொன்மலர் வீட்டில் காய்ச்சலில் கிடந்தாள். தந்தி பார்த்து ஜெயபுஷ்பம் போனாள். கம்பெனி கொடுத்த லீவு நாலு நாள். டாக்டர் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதுதான்: "நாலு நாள் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்."

வேலை ஒன்றுதான். தங்கையின் பாலைக் கொதிக்க வைத்த பாட்டிலில் வாங்கிக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் எழும்பூருக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் பல்லாவரம் கவுண்டரில் கையை நீட்டினாள். "போக மட்டுமா, போக வரவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போக மட்டும் எடுத்தாள். எழும்பூரில் திரும்பி வர மறுபடி வரிசை. சாயங்காலம் மறுபடி.

"ஒவ்வொரு தபா டிக்கெட் எடுக்கும்போதும், அடுத்த தபா இருக்குதான்னு ஜன்னல்ல நின்னு கேக்கற மாதிரி இருந்துச்சு சார்."

வீட்டிலும் அதே கேள்விதான். பொன்மலர் கஞ்சியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "அக்கா, நாளைக்கும் போவியா?" என்று கேட்டாள். போவேன் என்றால் நம்பவில்லை. சாப்பிடாதவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? ராத்திரி பாட்டிலில் கால் பாகம்கூட இல்லை.

இரண்டாம் நாள் காலை கவுண்டரில் சீசன் கேட்டாள்.

"எத்தினி நாள்மா இருப்ப?"

"இன்னும் மூணு நாள்."

"அதுக்கு எதுக்கு சீசன்? டெய்லி எடுத்தா ஒம்போது ரூபா. இது இருவத்திரண்டு. நஷ்டம்மா."

"நஷ்டமாவே இருக்கட்டும். குடுங்க."

பர்ஸில் இருந்தது இருபத்தோரு ரூபாய். ஊர் திரும்பும் பணத்தை ஜாக்கெட்டுக்குள் ஊக்கு போட்டு வைத்திருந்தாள். அதைத் தொடுவது அவள் வழக்கமில்லை. ஒரு ரூபாய் குறைகிறதே என்று விழித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஜன்னல் ஓட்டை வழியாக ஒரு கை சீசனைத் தள்ளியது. "நான் போட்டுக்கறேன். நாளைக்குக் குடு, நகரும்மா."

சாயங்காலம் அந்த டிக்கெட்டைத் தங்கையின் கையில் வைத்தாள். பத்தாவது வரை படித்த பொன்மலர் எழுந்து உட்கார்ந்து தேதியை வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"ஒரு மாசத்துக்கு எடுத்திருக்கியே! டாக்டர் எதனா சொன்னாரா?"

"டாக்டர் சொல்லாமயா நான் இருவத்திரண்டு ரூபா குடுப்பேன்?"

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து பொன்மலருக்குத் தெரிந்த அக்கா, காசு விஷயத்தில் ஒரு தடவைகூடத் தப்புக் கணக்குப் போட்டதில்லை. பத்து பைசாவுக்கு ஒன்றரை மைல் நடக்கிறவள் ஒரு மாசத்துக்குப் பணம் கட்டியிருக்கிறாள் என்றால், பிள்ளை ஒரு மாசம் இருக்கும். பொன்மலர் கஞ்சியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வாழ்நாள் பூரா கஞ்சமா இருந்தது அந்த ஒரு பொய்க்கு ஒதவிச்சு சார்" என்றாள் ஜெயபுஷ்பம், முதல் தடவையாகச் சிரித்து.

நாலு நாள் தாண்டியது. லீவு முடிந்து அவள் ஊர் வந்துவிட்டாள். பிள்ளை பெட்டிக்குள்ளேயே இருந்தது; காய்ச்சல் விட்ட பொன்மலரே அதனிடம் போய்விட்டாள். சீசனில் இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. அது வீணாகலாமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து மெட்ராசுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் போக வர முப்பது ரூபாய்க்கு மேல். சென்ட்ரலில் இறங்கி, அடுத்தாற்போல் இருக்கும் பார்க் ஸ்டேஷனில் ஏறாமல் எழும்பூர் வரைக்கும் நடந்தாள். ஏனென்றால் சீசன் எழும்பூரிலிருந்துதான். பார்க்கில் ஏறினால் தனி டிக்கெட்! இந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டும் சரிக்கட்ட முடியவில்லை. அவளிடம் கேட்டால், "எடுத்த டிக்கெட்ட விடலாமா சார்?" என்கிறாள்.

சீசன் முடிய ஆறு நாள் இருக்கும்போது பிள்ளை வீட்டுக்கு வந்தது. பேர் கிருபானந்தம். கூப்பிடுவது "சீசன்". இப்போது மூன்று வயசு நெருங்குகிறது, பல்லாவரம் தெருவில் எதையாவது தட்டி உடைத்துக்கொண்டிருக்கிறானாம்.

"இத அப்பவே கம்பெனில சொல்லியிருக்கலாமே?"

"புள்ள பொழைக்கற வரைக்கும் சொல்ல பயம். பொழச்சப்புறம் கத பெரிசாயிடுச்சு. ஹலீமா பீக்கு எதுக்கு பேஜாரு? நல்ல பொம்பள."

மாதனூர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன்.

"அந்த ஒத்த ரூபா."

நாளைக்குக் கொடு என்று சொன்னவர் மறந்தது ஒன்று: சீசன் வாங்கினவர்களுக்கு அடுத்த நாள் கவுண்டரில் வேலை இல்லை. நேரே ரயிலுக்குப் போய்விடலாம். பால் ஆறுவதற்குள் சேர வேண்டுமென்று அவளும் நேரே ஓடினாள். கடைசி நாள் நின்று குனிந்து பார்த்தபோது ஜன்னலில் வேறு கை. அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்த ஓட்டையில் தெரிந்தது கை மட்டும்; பெருவிரலில் வெள்ளைத் துணிக் கட்டு. அதுதான் அடையாளம்.

"அப்புறம் போறப்பல்லாம் குனிஞ்சு பாக்கறேன் சார். எல்லாரு வெரலும் நல்லாத்தான் இருக்குது. கட்ட அவுத்துட்டாரு போல."

"யாராவது ஒருத்தர்கிட்ட குடுத்துடலாமே?"

"அதெப்படி? அவரு வெரல்ல குடுக்கணும்."

கிறிஸ்துமசுக்குப் பல்லாவரம் போகிறாள். ரூபாய் முடிச்சில் இருக்கிறது.