பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிய மெக்கானிக்

மரத்தை அறுக்கவும் இழைக்கவும் துளையிடவும் ஒரே மெஷின். அதில் இழைக்கும்போது என் மகனின் இரண்டு விரல்கள் போயின. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாள் காலடிப்பேட்டைப் பட்டறையை நான்தான் திறந்துவிட்டேன்.

சர்வீஸுக்கு வந்தவருக்கு நரைத்த மீசை, காதில் பஞ்சு. பிளக்கைப் பிடுங்கியவர், மோட்டார் பெல்ட்டையும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“பிளக்கைத்தான் எடுத்துட்டீங்களே?” என்றேன்.

“எவனாவது சொருவிட்டான்னா? பெல்ட்டு என் கழுத்துல கீது சார், இனி சுத்தாது.”

பிளேடுகளைக் கழற்றி, அடியில் கிடந்த மரத்தூளை அள்ளக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“அந்தாண்ட போய் டீ சாப்ட்டு வா சார்.”

“வேணாம், இருக்கேன்.”

“போ நைனா.”

திரும்பியபோது மெஷின் துடைத்துச் சுத்தமாக இருந்தது. மரத்தூளை ஒரு பையில் கட்டி, அவரே சைக்கிளில் எடுத்துப்போனார். எங்கே புதைத்தார் என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.