குச்சிக்கார அக்காவும் கிரேன்காரர் கையும்

தெருவில் அவளுக்குக் குச்சிக்கார அக்கா என்று பெயர். பெயர் வைத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். அவள் வீட்டு மாடிக்குப் பார்சல் பார்சலாக ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"என்னம்மா அது, விடாம வருது?"

"ஜாய்ஸ்டிக் அண்ணே. கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்டுறவங்க கையில பிடிச்சுக்கிற குச்சி. உடைஞ்சா எனக்கு அனுப்புவாங்க."

தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே யோசித்தார். "நிஜ ஏரோப்ளேன் இல்ல?"

"இல்ல."

"அப்ப உடையிறது மட்டும் நிஜம்."

"அது மட்டும் ரொம்ப நிஜம்," என்றாள்.

அன்று மாலைக்குள் தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூரியர்காரர்கள் வழி கேட்கும்போது அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றானதில் அவளுக்குச் சௌகரியம்தான்.

அதற்கு முன்னால் அவள் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். அலுவலகம் அலுவலகமாகப் போய், காகிதம் சிக்கிய இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டு, மை பூசிய மூக்கோடு வெளியே வருவாள். சென்டரை மூடியபோது வீட்டில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். "எதையாவது பிரிக்காம உன்னால இருக்க முடியாது. பார்த்துக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆனது. கொழுந்தன் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் குப்பைக்கூடையில் போடப் போனான். நேராகப் போக வேண்டிய விமானம் தானாக இடது பக்கம் சாய்கிறதாம். அவள் அதைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கரிப்பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்ன உலோக நாக்கு. குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த உரசல்தான். உரசி உரசி நடுப்பகுதி மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. குச்சி அதிக நேரம் நிற்பது நடுவில்தானே. அவள் பட்டையையும் நாக்கையும் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தையும், காந்தம் திரும்புவதைத் தொடாமலே அறியும் ஒரு சென்சாரையும் பொருத்தினாள். தொடாதது எப்படித் தேயும்? கொழுந்தன் அந்தக் குச்சியோடு தன் சிநேகிதர்களிடம் போய்ப் பீற்றிக்கொண்டான். விளம்பரம் என்று அவள் செய்தது அவ்வளவுதான்.

பிறகு வந்தவை எல்லாம் வகைவகையான நோயாளிகள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ராட்டிலில் கிரீஸ் காய்ந்து பிசினாகிப் போயிருக்கும். அல்லது உள்ளே அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு தேய்ந்து, கையை எடுத்ததும் பிடி தானாக வழுக்கி இறங்கும். வயர் எப்போதும் குச்சிக்குள் நுழையும் கழுத்தில்தான் அறும். பிளாஸ்டிக் அச்சு விரிசல் விட்டிருக்கும், அதை யாராவது பசை தடவி ஒட்டிவைத்திருப்பார்கள். பசையைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "இது ரிப்பேர் இல்ல, ஒத்திவைக்கிறது," என்று சொல்லிக்கொண்டே சுரண்டி எடுப்பாள். சரியாகும் என்றால் சரியாகும் என்பாள். ஆகாது என்றால் திறந்து பார்த்த கையோடு சொல்லிவிடுவாள். அதனால் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

மாமியார் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்சல் பிரிப்பதும் கட்டுவதும் அவர் இலாகா. போனை எடுத்தால், "வணக்கம், உங்களுக்குக் குச்சியா த்ராட்டிலா?" என்பார். சரியாகக் கட்டாமல் அனுப்பியவர்களுக்கு முதலில் அவரிடம் ஒரு பாட்டு விழும். அப்புறம்தான் குச்சியின் கதையைப் பேச முடியும்.

கிரேன்காரர் அவர்களுக்குப் பழைய வாடிக்கை. துறைமுகத்தில் வானம் முட்ட நிற்கும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் இறக்கிவைப்பவர். பெட்டியின் நாலு மூலையும் லாரியின் கொக்கிகளில் பொருந்த வேண்டும். கீழே ஆள் நிற்பார். பகலெல்லாம் அங்கே குச்சியைப் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு குச்சியைப் பிடித்து விமானம் ஓட்டுவார். "கூண்டுல இருந்தா எல்லாம் கீழ தெரியும். ஆனா நகர முடியாது. அதான்," என்று ஒருமுறை காரணம் சொன்னார்.

அவருடைய ஜாய்ஸ்டிக் ஒருநாள் பார்சலில் வந்தது. தரையிறங்கும் நேரத்தில் விமானத்தின் மூக்கு நடுங்குகிறதாம். அவள் பிரித்தாள், துடைத்தாள், கழுத்து வயரை மாற்றினாள், அனுப்பினாள். சில நாளில் அது திரும்பி வந்தது. அதே நடுக்கம். அவளிடம் ஒரு குச்சி திரும்பி வருவது அபூர்வம். முகம் சுருங்கிப் போனது. இந்த முறை முன்பின் அசைவுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என்று இருந்த இரண்டு சென்சார்களையும் புதிதாகவே போட்டு, குச்சியை ஒரு இடுக்கியில் அசையாமல் கட்டி, மதியம் வரை கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள். திரையில் குச்சியின் அசைவைக் காட்டும் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. நிம்மதியாக அனுப்பினாள்.

மறுபடியும் திரும்பி வந்தது. இந்தத் தடவை கிரேன்காரரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தப்பா நினைக்காதம்மா. உன் வேலையில குறை சொல்ல வரல. ஆனா ஆடுது."

"ஆடுச்சுன்னா குறைதாண்ணே. உட்காருங்க, உங்க முன்னாடியே பார்க்கிறேன்."

மேஜையில் குச்சியை இணைத்து அவள் பிடித்தாள். கோடு நேராக இருந்தது. மாமியாரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள். "நான் எங்கே பறக்கப் போறேன்?" என்றபடி பிடித்தார். அப்போதும் நேர்க்கோடுதான். பிறகு கிரேன்காரர் பிடித்தார். கோடு ரம்பப் பல்லாக மாறியது.

பிடி வழியாக ஏதாவது மின்சாரக் கோளாறாக இருக்குமோ என்று அவள் நினைத்தாள். அலமாரியிலிருந்து பிரிக்காத புது ஜாய்ஸ்டிக் ஒன்றை எடுத்து மாட்டினாள். அதிலும் ரம்பப் பல். ஒரு த்ராட்டிலை இடதுகையில் கொடுத்தாள். அதிலும் அப்படியே.

அப்போதுதான் குச்சியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள். மின்விசிறி தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வேர்வை. போன தடவை பார்த்ததற்குப் பாதியாக இருந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்தியதுபோல ஒரு புது ஓட்டை. நடுக்கம் கண்ணுக்குப் படாத அளவு நுணுக்கம். ஆனால் அவள் பொருத்திய சென்சாருக்கு அது தப்பவில்லை.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நடுவில் குச்சி லேசாக அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கலாம். இரண்டு தட்டு தட்டினால் போதும். விமானம் வழுவழுவென்று இறங்கும். அவர் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் கிரேன் கூண்டில் ஏறுவார். அந்தக் கடைசி விஷயம்தான் அவளைத் தடுத்தது.

"அண்ணே, குச்சியில ஒண்ணும் இல்ல," என்றாள். "உங்க கைதான் நடுங்குது."

கிரேன்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது.

"என் கை எப்பேர்ப்பட்ட கைன்னு உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷத்துல ஒரு லாரி மேல கீறல் விழுந்ததில்ல."

"தெரியும்ணே. அதனாலதான் சொல்றேன். ஒரு டாக்டரைப் பாருங்க."

"ரிப்பேர் பண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ. என் கை மேல பழியப் போடாத."

குச்சியைப் பிடுங்காத குறையாகச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார். மாமியார் கதவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொன்னாலும் அதே கைதானே அத்தை?"

விஷயம் அதோடு நிற்கவில்லை. விமானம் ஓட்டும் ஆசைக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அங்கே கிரேன்காரர், குச்சிக்கார அக்காவுக்கு இப்போது கைவசம் இருப்பது ஒரே பதில், வாடிக்கையாளர் கை சரியில்லை என்பது, என்று எழுதிவிட்டார். ஆளாளுக்குக் கிண்டல். என் த்ராட்டில் இறுகிவிட்டது, தோள்பட்டைக்கு எண்ணெய் போடட்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கொழுந்தன் அதைக் காட்டியபோது அவளுக்குச் சுருக்கென்றது. பதில் எழுதவா என்று அவன் துடித்தான்.

"வேண்டாம். அவர் உடம்பப் பத்தி ஊருக்கு நாம ஏன் சொல்லணும்?" என்றாள்.

ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. கையில் இருந்த வேலை ஓடவில்லை. ஒரு திருகாணியை மரை தேயும் அளவுக்கு இறுக்கிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டாள். கணவர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"லிஃப்ட் கயித்துல ஒரு இழை அறுந்திருக்குன்னு கண்டா, ஓனர் திட்டுறாருன்னு நான் ஓட விடுவேனா?" என்றார். "நீ சொன்னது சரி. யார்கிட்ட சொன்னியோ அந்த ஆள்தான் தப்பு. வேற யார்கிட்டயாவது சொல்லு."

பார்சலின்மேல் எப்போதும் கிரேன்காரரின் மனைவி எண்தான் இருக்கும். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். அவள் கூப்பிட்டாள். சண்டைக்கு வருகிறாளோ என்று அந்த அம்மா முதலில் விறைப்பாகத்தான் பேசினார். பேசப் பேசக் குரல் இறங்கியது.

"தூக்கமே இல்ல தங்கச்சி. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறாரு, ஆனா இளைச்சுக்கிட்டே போறாரு. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாரு. வேலை அலுப்புன்னு நினைச்சேன்."

"நீங்க சண்டை போடாதீங்க அக்கா. நான் சொன்னேன்னும் சொல்லாதீங்க. கையை நீட்டச் சொல்லி, விரலு மேல ஒரு வெள்ளைப் பேப்பர வைங்க. அவரே பார்க்கட்டும். பக்கத்துல நீங்களும் அதே மாதிரி நீட்டிக் காட்டுங்க."

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததை அந்த அம்மா பிறகு சொன்னார். விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தாராம். கிரேன்காரர் கையின்மேல் இருந்த காகிதத்தின் ஓரம், காற்று இல்லாத அறையில், பறவைச் சிறகுபோலப் படபடத்தது. அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முழங்கையை மேஜையில் ஊன்றிப் பார்த்தார். மனைவியின் கையில் காகிதம் பலகையாகக் கிடந்தது. கிரேன்காரர் காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் நேராகப் போனார். "நான் இன்னைக்கு மேல ஏறல," என்றார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு பட்டிருப்பார் என்பது அந்தக் கூண்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளிவந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வேர்வை, இளைப்பு, கோபம், நடுக்கம் எல்லாம் அதன் கைங்கரியம். மாத்திரையில் கட்டுப்படும் என்றார் மருத்துவர். சில மாதம் கிரேன் வேண்டாம் என்றும் சொன்னார்.

கிரேன்காரர் குழுவில் மறுபடியும் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. "குச்சி சரியாத்தான் இருந்துச்சு. கைதான் ரிப்பேர். நான்தான் தப்பாப் பேசிட்டேன்." தோள்பட்டைக்கு எண்ணெய் கேட்டவர் தன் கிண்டலைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்.

ஒரு காலை நேரத்தில் அவரே மாடியேறி வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியிருந்தது. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா?"

"குச்சி இல்லாம வந்தா வரக்கூடாதா என்ன?" என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அன்னைக்குப் பேசினது..."

"விடுங்கண்ணே. பிடிச்சுப் பாருங்க," என்று அவள் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தினாள். கோட்டில் இன்னும் பல் இருந்தது. ஆனால் ரம்பம் போய்ச் சீப்பாகியிருந்தது. இருவரும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அவர் வந்த காரணம் வேறு. கிரேன் ஏறாத அந்த மாதங்களில் துறைமுகத்தின் பயிற்சிக்கூடத்தில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைப் போட்டிருந்தார்கள். அங்கே கூண்டு மாதிரியே செய்த பயிற்சி இருக்கைகள், பெரிய திரைகள், இரு பக்கமும் ஜாய்ஸ்டிக்குகள். பாதி வேலை செய்யவில்லை. மாற்றி மாற்றி வாங்குகிறார்கள், மாற்றி மாற்றி உடைகிறது. "நீ வந்து பாரு," என்றார்.

அவள் போனாள். முதல் நாள் எதையும் பிரிக்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து பயிற்சிக்கு வருபவர்களை வேடிக்கை பார்த்தாள். கிரேனை இயக்கும்போது எல்லோரும் பூப்போலத்தான் பிடித்தார்கள். முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் இருக்கிறது சேதி. இருக்கை ஆழம், கால் வைக்க இடம் குறுகல். ஒவ்வொருவரும் இரண்டு குச்சிகளையும் கெட்டியாகப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் போட்டு, ஒரு உந்து உந்தி எழுந்தார்கள். அச்சு விரிசல் விடாமல் என்ன செய்யும்?

உடைந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் அச்சுகளை அலுமினியத்தில் கடைந்து மாற்றினாள். சென்சார்களை மாற்றினாள். அதைவிட முக்கியமாக, லிஃப்டுக்குள் இருக்கும் கைப்பிடிக் கம்பியைப்போல ஒன்றை ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் பொருத்தச் சொல்லிக் கணவரை அழைத்துப் போனாள். கம்பி பளிச்சென்று கை எட்டும் இடத்தில் இருந்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழும்போது கை தானாக அதைத்தான் தேடிப் போனது.

வருஷம் திரும்பியும் அந்தக் கூடத்திலிருந்து ஒரு குச்சிகூட உடைந்து வரவில்லை. மாமியாருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

"இப்படியே எல்லாத்தையும் உடையாம பண்ணிட்டா, அப்புறம் நமக்கு யாரு பார்சல் அனுப்புவா?"

"மனுஷங்க இருக்காங்களே அத்தை, கவலைப்படாதீங்க," என்றாள் அவள், அப்போதுதான் வந்த ஒரு த்ராட்டிலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தபடி. உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டது. திருப்புளியை எடுத்தாள்.