சொல்லிவைத்த குறைகள்

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘பூச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்லாப்பூச்சி என்பதன் சுருக்கம். பதினோரு வருஷமாக மெஷினில் நிற்கிறாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குடியிருப்பது அண்ணன் வீட்டில். பக்கத்து மெஷினில் நிற்பது அண்ணி.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, வலப்பக்கம் நிற்பவளின் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சூபர்வைசர் கொண்டுவந்த புது வழக்கம். இவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? யார் என்ன குறை சொல்வதென்று கை கழுவுகிற இடத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

"நான் தண்ணி பாட்டிலை மெஷின் மேல வைக்கிறேன்னு சொல்லு. நீ ஓயாம பாடுறேன்னு உன் இடப்பக்கத்துக்காரி சொல்வா."

சூபர்வைசரும் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்.

அந்த வாரம் பூச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாது. அண்ணியோ ஒரு பொத்தானை அழுத்தினபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு கையால் தகட்டைத் தள்ளி மறு கையால் அடித்துக்கொண்டிருந்தாள். வேகமாம், வேகம்! வியாழக்கிழமை அச்சு அவள் விரலுக்கு ஒரு நூல் தள்ளி இறங்கியது. பூச்சி அண்ணி பக்கம் சாய்ந்தாள்.

"வேணாம் அண்ணி, பயமா இருக்கு."

"உன் வேலையைப் பாருடி."

சனிக்கிழமை வட்டத்தில் அண்ணிதான் அவளுக்கு வலப்பக்கம். சொன்னால் வீட்டில் இடமிருக்காது. சொல்லாவிட்டால் அண்ணிக்குக் கை இருக்காது. பூச்சி வாயைத் திறந்தாள்.

"அண்ணி... பொத்தானை டேப் போட்டு ஒட்டிட்டு அடிக்கிறாங்க சார்."

"பச்சைப் பொய் சார்!" என்றாள் அண்ணி.

"வேற யாராவது பார்த்தீங்களா?"

பத்துத் தலையும் குனிந்துகொண்டன. அதில் மூன்று பேரின் மெஷினிலும் அதே டேப்தானே! சூபர்வைசருக்கும் மூடிகளின் எண்ணிக்கை குறையக் கூடாது. மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டை மூடினார், பாவி மனுஷன்.

எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். ஒருத்தியும் பூச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கும் முன் டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. ஒரு மெஷின், இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. பூச்சி பக்கத்தில் பார்த்தாள்.

அண்ணி டேப்பைத் தொடவில்லை. பூச்சியையே முறைத்துப் பார்த்தபடி கையை உள்ளே நீட்டினாள்.