மிஞ்சியது எண்ணெய்தான்

எண்ணெய் மிஞ்சியது. அதற்காகத்தான் எங்கள் நான்கு பேரையும் திருடிகள் என்றார் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜப்பான்காரன் காலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மரவள்ளி போடப் போய்விட்டார். சோப்பு காய்ச்சப் பெண்கள் எங்கள் நான்கு பேரை ஸ்டோரில் நிறுத்தினார்கள். ஏழு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு காரச் சோடா. எண்ணெய் டின்கள் எங்கள் காலடியில் கிடக்கும். சோடா பீப்பாய் பூட்டிய அறையில் இருக்கும், சாவி கிராணியின் இடுப்பில். அவர் கையால் நிறுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி வந்தார். இனி இரண்டு மடங்கு எண்ணெய் வரும், இரண்டு மடங்கு சோப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் வந்தது. சோடா மட்டும் பழைய அளவுதான். பீப்பாய் தீர்ந்தால் இன்னொன்று கிடைக்காது என்று கிராணி கையை இறுக்கிக்கொண்டார். அதை அதிகாரியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்களை அதட்ட மட்டும் நன்றாக வந்தது.

காய்ச்சினோம். சோப்பு என்று தேறியது பழைய அளவுதான். மீதியெல்லாம் கொழகொழவென்று கிடந்தது, மேலே எண்ணெய் மிதந்தது. வீணாகப் போகிறதே என்று நான்தான் அந்த எண்ணெயை வழித்து ஒரு டின்னில் ஊற்றி மூலையில் வைத்தேன். சோப்பு எங்கே என்று அதிகாரி கத்தியதும் கிராணி அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"திருடியா வச்சிருக்கீங்க? சயாமுக்கு ஆள் கேட்டிருக்காங்க. உன் புருசன் பேரை எழுதிருவேன், பாரு."

சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பவில்லை. ஆனாலும் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது எனக்கு.

"ஐயா, ரெண்டு வாளி பாலு இருக்கு, ஆசிட் ஒரு வாளிக்குத்தான் இருக்குன்னா எத்தனை வாளி உறையும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சோடாதான் பத்தல. சாவி உங்க இடுப்புலதான் இருக்கு லா."

பேச்சோடு விடவில்லை. இரண்டு சிரட்டையில் அந்தக் கொழகொழப்பை எடுத்தேன். ஒன்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். இன்னொன்றுக்கு ஒரு கரண்டி சோடாத் தண்ணீர் கேட்டேன். மற்ற மூன்று பெண்களும் கண் கொட்டாமல் பார்த்ததால் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அடுப்போரம் வைத்து இரண்டையும் கிண்டிக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் சோடா விட்டது கெட்டிப்பட்டது, சிரட்டையைக் கவிழ்த்தாலும் விழவில்லை. எண்ணெய் விட்டது எண்ணெயாகவே கிடந்தது. குறைந்தது எது என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

கிராணி சிரட்டைகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "சயாமுக்குப் பத்து ஆள் கேட்டாங்க. ஒன்பதுதான் கிடைச்சுது."

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்! தெரியாமல் பழி போட்டிருந்தால்கூட இந்நேரம் மன்னித்திருப்பேன். சோடாவும் அவர் கையில், பட்டியலும் அவர் கையில். இரண்டிலும் விழுந்த குறையை எங்கள் தலையில் கட்டினார்.

அடுத்த வாரம் லாரி வந்தது. "கோவப்படாத புள்ள, வந்துருவேன்," என்றார் என் வீட்டுக்காரர். வரவே இல்லை. அவருடைய துணி மூட்டைக்குள் அன்று சிரட்டையில் உறைந்த அந்தச் சோப்பை வைத்துக் கட்டியிருந்தேன். அந்தத் தோட்டத்தில் நான் திருடியது அது ஒன்றுதான்.