மீன் குழம்பின் மேல் போட்ட பழி

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் குமாஸ்தாவாக இருந்தேன். டாக்டரைத் தேடும் முன்பே குற்றவாளியைத் தேடிவிட்டேன். எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஒரு விதவை, பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துத் தூக்குச் சட்டியில் கொடுத்துவந்தார். அவருடைய மீன் குழம்புதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஆரஞ்சுப் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அந்தம்மா குழம்புதாங்க" என்றேன். படுத்திருப்பவனுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டுமே. அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. மனைவி சிராங்கூன் ரோட்டில் கீழாநெல்லி வாங்கி அரைத்துக் கொடுத்தாள். மாதம் முடிவதற்குள் அந்தம்மாவிடம் சாப்பாடு வாங்க ஆளில்லை.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். முடிவு வந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு முன்பே எங்கள் நாலு வயது மகளுக்கு அது வந்து போயிருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் சிணுங்கினாள், அவ்வளவுதான். பாலர் பள்ளியில் ஒட்டியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இது சகஜம். வந்ததே தெரியாது. ஆனா அவங்ககிட்டேர்ந்து பெரியவங்களுக்கு ஒட்டுச்சுன்னா இப்படித்தான் படுத்தும்."

மனைவிக்கு அது சிறுவயதில், இந்த நாட்டுக்கு வருவதற்கு முன், ஊரிலேயே வந்து போயிருந்ததாம். அங்கே வளர்ந்தவர்களில் அநேகம் பேருக்கு அப்படித்தானாம். பிறகு டாக்டர், "பிள்ளைக்குக் கழுவிவிடறது யாரு?" என்று கேட்டார். நான்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் சோப்புப் போடாமல் கையை நனைத்துக்கொண்டு ஓடுகிறவன்.

உடம்பு தேறியதும் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் சமையல் சுத்தம்னு எனக்குத் தெரியும் தம்பி. அதை எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? யார்யார்கிட்ட குழம்புன்னு சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பூசைக்கு வேறு கோவிலுக்குப் போனேன்.