சின்னராசு கட்டிய டிரெய்லர்

கச்சிராயபாளையத்துச் சின்னராசுவுக்குப் பிறரை நம்பிப் பழக்கமில்லை. கெட்டுப்போவதானால் தன்னை நம்பியே கெட்டுப்போவது என்று இருப்பவர். அணைக்குக் கீழே மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கு பிடுங்கிய அன்று, அதை ஏற்றிப்போக வேண்டிய, குட்டியானை வேன் ஓட்டும் சிவசங்கர் "தோ, வந்துகினே இருக்கேன்" என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை வந்துகொண்டே இருந்தான். வெயிலில் கிழங்கு வாடியது. சின்னராசுவின் மானமும் வாடியது. தன் பவர் டில்லருக்குப் பின்னால் மாட்டி இழுக்கத் தானே ஒரு டிரெய்லர் கட்டிவிடுவதென்று அன்றே முடிவு செய்தார்.

செல்போனில் வீடியோ பார்த்தார். அதில் பேசியவன் இந்திக்காரன். சின்னராசுவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது என்றார்.

உளுந்தூர்பேட்டைக் காயலான் கடையில் ஒரு பழைய அம்பாசிடரின் பின்அச்சு, சக்கரங்களோடும் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளோடும் கிடைத்தது. அந்தக் காரில் ஒரு எம்.எல்.ஏ. போய்வந்தார் என்று கடைக்காரர் சொன்னதும், சின்னராசு பேரம் பேசுவதையே மறந்துவிட்டார்.

வாசலில் இறக்கியதை மனைவி பாப்பாத்தி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"எம்.எல்.ஏ. போன காருடி."

"எம்.எல்.ஏ.வும் போயிட்டாரு, காரும் போயிடுச்சி. நீ இன்னாத்த தூக்கிகினு வந்துருக்க?"

பட்டறைக்கார வீரமணி இரும்புச் சட்டமும் பெட்டியும் அடித்து, அச்சைப் பூட்டிக் கொடுத்தான். காலி வண்டியை இழுத்துப் பார்த்தபோது அது தவளை மாதிரி குதித்தது. சின்னராசுவுக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது.

"பட்டை ஜாஸ்தியா இருக்குது. பக்கத்துக்கு மூணு உருவிடு."

"வேணாண்ணா. காலி வண்டி குதிக்கத்தான் செய்யும். லோடு ஏத்துனா அடங்கிடும்."

"நீ வெல்டிங்க வைடா. டிசைன் என்னுது."

வீரமணி உருவிவிட்டான். வண்டி பட்டுப்போல் ஓடியது. சின்னராசு அதை ஊரைச் சுற்றி இழுத்துக் காட்டினார்.

அடுத்த அறுவடைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெரு வரைக்கும் வண்டி மரியாதையாக வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஊர் முழுக்கக் கூடியிருந்த இடமாகப் பார்த்துப் பட்டைகள் தொய்ந்தன. பெட்டி டயர்மேல் உட்கார்ந்தது. ரப்பர் கருகிப் புகை எழும்பியது. பின்னால் டவுன்பஸ் ஹாரன் அடித்தது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியான நேரத்துக்கு வந்து நின்றான் சிவசங்கர்.

"இன்னாண்ணா, மாத்தி ஏத்திக்கலாமா?"

சின்னராசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

வீடு திரும்பியதும், உருவிய பட்டைகளைத் தேடினார். அவற்றைப் போட்டுவைத்திருந்த வாசல் மூலை காலியாக இருந்தது.

"பாப்பாத்தி, இங்க வெச்ச பட்டைங்க எங்க?"

"துருப்புடிச்சிக் கெடந்துச்சே, கொல்லருகிட்ட குடுத்து அருவா அடிச்சிட்டேன். பக்கத்து வூட்டுக்கும் ரெண்டு குடுத்தேன்."

"எம்.எல்.ஏ. பட்டைடி அது!"

"அதான் இந்த வெட்டு வெட்டுது."

சின்னராசு இரண்டு நாள் கோபித்துக்கொண்டு திண்ணையிலேயே படுத்தார். அவளுக்கு அது கோபம் என்று தெரிந்ததாகவும் தெரியவில்லை. பிறகு மறுபடி உளுந்தூர்பேட்டைக்குப் போய் வேறு பட்டைகள் வாங்கி வந்தார். இந்த முறை யார் போன கார் என்று கேட்கவில்லை. வீரமணி சிரித்தபடியே அவற்றைப் பூட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னராசுவுக்கு.

மீதிக் கிழங்கு மூட்டை ஏறியதும் வண்டி அடங்கி நின்றது. "நானும் வரேன், நடுவழியில நின்னா இறக்க ஆள் வேணுமே" என்று பாப்பாத்தி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெருவைத் தாண்டினார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் சாலையில் பெரிய வேகத்தடை ஒன்று வந்தது. வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

"எப்பிடிடி இருக்குது?" என்று கத்தினார்.

பதில் வரவில்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். பாப்பாத்தி மூட்டையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னராசு அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, டில்லரை இன்னும் மெதுவாக ஓட்டினார்.