கூடை ஆறும் நேரம்

மஸீனா உக்குவளைக்காரி. மாத்தளையில் ஒரு வாசனைச் சரக்குக் கடையின் பின்கட்டில் கராம்பும் சாதிக்காயும் தரம் பிரித்துப் பிரித்து, கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பார்த்துவிடும் அவளுக்கு. கணவர் பஸீர் தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஓட்டுகிறார். அவர் ஏற்றி இறக்கும் மரக்கறிக் கூடைகளைச் செய்யும் தொழிற்சாலையில்தான் இப்போது அவளுக்கு வேலை. கூடை சரியா, பிழையா என்று பார்ப்பது.

முதல் நாள் மெஷின் வாயைத் திறந்தபோது அவள் பின்வாங்கி நின்றாள். அரிசி மாதிரிக் கொட்டிய பச்சைப் பிளாஸ்டிக் மணிகள் உள்ளே பாகாய் உருகி, இரும்பு அச்சுக்குள் பாய்ந்து, நாலைந்து ஸலவாத்து ஓதும் நேரத்தில் முழுக்கூடையாக வெளியே வந்தன. நெருப்பின் வேலை என்றாள். மேற்பார்வையாளர் யோகேந்திரன் இல்லையென்றார்.

"நெருப்பு உருக்க மட்டுந்தாங்க. உரு குடுக்கிறது தண்ணி. அச்சு இரும்புக்குள்ள சின்னச் சின்ன வாய்க்கால் ஓடுது, பச்சத்தண்ணி. வெளிய வந்தப்புறமும் கூடை முடிஞ்சிடல. உள்ள சூடு இருக்கிற வரைக்கும் சுருங்கிக்கிட்டேதான் இருக்கும்."

இரும்புக்குள் ஓடை ஓடுகிறது என்பதை அன்று இரவு பஸீரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. அவளுக்கே முழுதாக நம்பிக்கை வரவில்லை. அதன்பிறகு, இரண்டு குழாய்களின்மேல் விளிம்பு தாங்க, அடி அந்தரத்தில் நிற்க, வரிசையாக வைத்து ஆறவிடும் கூடைகளைக் கடந்து போகும்போதெல்லாம், தூங்கும் பிள்ளையைக் கடப்பதுபோல் மெதுவாகத்தான் நடந்தாள்.

இந்த மழைக்காலத்தில் பிழை வந்தது. கூடைகள் தம்புள்ளையிலிருந்து திரும்பின. அடி தொங்கியிருந்தது. கல்மேசையில் வைத்தால் தொட்டில்போல் ஆடின. அடுக்கினால் சரிந்து தக்காளி நசிந்தது. மழையில் தண்ணீர் கலங்கி வாய்க்கால்களில் சேறு படிந்துவிட்டது, அச்சைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றார் யோகேந்திரன். வர ஒரு மாதமாகும். அதுவரை மெஷின் நிற்கும். நாள் சம்பளக்காரர்கள் வீட்டிலிருக்க வேண்டியதுதான். மெஷினில் நிற்கும் அனுஷியாவும் அவர்களில் ஒருத்தி.

"ஒரு மாசம் வீட்ல இருந்தா மாமியா என்னய வறுத்துத் தின்னுருங்க்கா."

"ஒன்னத் திண்டா அவக்குத்தான் வகுத்து வலி," என்றாள் மஸீனா. சிரிப்பு வரவில்லை இருவருக்கும்.

அச்சைக் கழற்றும் நாளன்று, லொறி வரும்வரை மெஷின் ஓடிக்கொண்டிருக்க, கழித்துப்போட்ட கூடைகளைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையை ஓட்டினாள் மஸீனா. ஒன்றில் புடைப்பு நடுவில். அடுத்ததில் கைப்பிடிப் பக்கம். இன்னொன்றில் மூலையில். அவள் கை நின்றது. அச்சு பிழைத்தால் ஒரே இடத்தில்தானே பிழைக்க வேண்டும். இதென்ன, மனிதரைப்போல் ஆளுக்கொரு விதமாக? நிமிர்த்திக் குனிந்து பார்த்தாள். கூடைக்குள் மாசிச் சம்பல் மணத்தது.

திரும்பி ஆறும் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு சூட்டுக்கூடையிலும் ஒரு சோற்றுப் பார்சல், முட்டையில் உட்கார்ந்த கோழிபோல். மழை தொடங்கியபின் விடியலில் கட்டிய சோறு பகலுக்குள் விறைத்துப்போகிறதென்று யாரோ ஒருத்தி ஆரம்பித்தது. பிறகு எல்லோரும். கடைசிக் கூடையில் இருந்தது மஸீனாவின் பார்சல்.

அச்சைக் கொழும்புக்கு ஏற்ற யோகேந்திரன் தொலைபேசியில் லொறிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேர், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. ஒங்கட சோத்துப் பார்சல் எங்க ஈக்கிது?" என்றாள் மஸீனா.

அவர் வரிசையைக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னோடதுல வெறும் கத்தரிக்காதான், ராத்தா."

"கத்தரிக்காக்கும் பாரம் ஈக்கிது சேர்."

மெஷினிலிருந்து அடுத்தடுத்து விழுந்த இரண்டு கூடைகளை யோகேந்திரன் எடுத்துக் குழாய்களின்மேல் வைத்தார். ஒன்றில் தன் பார்சலை வைத்தார். மற்றதை வெறுமையாக விட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் போகவில்லை. குழாய்களைச் சுற்றி நின்றார்கள். வெறுங்கூடைக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாமல் அது தன்னைத் தானே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இரும்பு அழுத்திக் கொடுத்த உருவை ஒரு பிடி சோறு கலைத்துவிடுமா என்று நினைக்க மஸீனாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆறியபின் இரண்டையும் கல்மேசையில் வைத்தார் யோகேந்திரன். பார்சல் கூடை ஆடியது. வெறுங்கூடையின் நான்கு மூலைகளையும் மஸீனா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. சுண்டுவிரல் நகம்கூட அடியில் நுழையவில்லை.

"லொறி வேணாங்க," என்று யோகேந்திரன் தொலைபேசியில் சொன்னார். "இல்லங்க, அச்சு நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் பசி."

அனுஷியா போய் மெஷின் கதவை இழுத்து மூடினாள். பாகு பாயும் சத்தம், பிறகு உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் மெல்லிய இரைச்சல். அடுத்த கூடை வந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மஸீனா காட்டிய இடத்தில், குழாய்களின்மேல் வைத்தாள்.